செஞ்சிக் கோட்டையின் தேதிகளும் கணினித் திரையும்

1750 செப்டம்பர் 11 இரவு, புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்தது. மறுநாள் விடிந்தபோது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றும் அவர்கள் வசம் இருந்தன. பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியில் அன்று செப்டம்பர் 12. சில காத தூரம் தெற்கே, கடலூர் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்கு அதே நாள் செப்டம்பர் 1. இந்த இரண்டு ஊர்களின் தமிழருக்கும் அது பிரமோதூத வருடம் ஆவணிக் கடைசி. மூன்று கணக்கிலும் கிழமை மட்டும் ஒன்றே: சனி.

இந்த மூன்றையும் கணினியில் ஏற்றும்போது என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தேதி எந்த உருவில் தெரிய வேண்டும் என்று கணினியில் மாற்றுவதை அழகு சார்ந்த சிறு வேலையாகவே பலரும் நினைக்கிறார்கள். செஞ்சியின் வரலாற்றை அட்டவணைப்படுத்த முனைபவருக்கு அது ஆதாரத்தையே திருத்திவிடக்கூடிய வேலை.

பிரான்ஸ் 1582 டிசம்பரிலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருந்தது. 1700 மார்ச்சிலிருந்து இரண்டுக்கும் இடைவெளி 11 நாள். அதற்கு முந்தைய இரு நூற்றாண்டுகளில் 10 நாள். 1752-இல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று எண்ணித்தான் ஆங்கிலேயர் சரிசெய்துகொண்டனர். 1751 வரை அவர்களது சட்டப்படியான ஆண்டும் மார்ச் 25-இல்தான் தொடங்கியது. எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் செஞ்சியைப் பிடித்ததாகச் சொல்லப்படும் 1698 ஜனவரி, அவர்கள் கணக்கில் 1697-இன் கடைசி மாதங்களில் அடங்கும். இரண்டையும் சேர்த்து 1697/8 என்று எழுதுவதும் உண்டு. தமிழ்க் கணக்கில் அது ஈசுவர வருடம். நடுவில் சாய்கோடு போட்ட அந்த ஆண்டை ஏற்க இன்றைய விரிதாள் மென்பொருள்களின் தேதிக் கட்டத்தில் இடமில்லை.

புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) இந்தச் சிக்கலுக்கு அக்காலத்திலேயே வழி கண்டது. ஐரோப்பிய மாதத் தேதியும் தமிழ் வருட மாதத் தேதியும் கிழமையும் அதில் அருகருகே நிற்கின்றன. ஒன்று பிசகினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். என் பார்வையில், இதைவிட நேர்மையான தேதிப் பதிவு முறை பிற்காலத்திலும் வரவில்லை.

கணினி வேறொரு மரபிலிருந்து வந்தது. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் 1980 ஜனவரி 1 என்று காட்டி, சரியான தேதியைத் தட்டச் சொல்லும். அதுவும் மாதம், நாள், ஆண்டு என்ற அமெரிக்க வரிசையில். நாளை முன்னால் எழுதிப் பழகியவர்கள் அதன் டாஸ் இயங்குதளத்தின் கன்ஃபிக் கோப்பில் நாட்டுக் குறியீட்டை மாற்ற வேண்டியிருந்தது. விண்டோஸ் அந்த அமைப்பைக் கண்ட்ரோல் பேனலுக்குக் கொண்டுவந்தது. அங்கே ரீஜன் பகுதியில் நாள், மாதம், ஆண்டு என வரிசையை மாற்றி, ஆண்டுக்கு நான்கு இலக்கம் என்று குறித்தால் போதும், திரை முழுவதும் மாறிவிடும். அங்குள்ள தேதி வடிவக் குறியீட்டில் பெரிய எம் மாதத்தையும் சிறிய எம் நிமிடத்தையும் குறிக்கும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்.

மாறுவது தோற்றம் மட்டுமே. எக்செல் தேதியை ஓர் எண்ணாக வைத்திருக்கிறது: 1900 ஜனவரி 1 என்பது 1; 2023 மார்ச் 15 என்பது 45000. எந்த உருவில் காட்டினாலும் அடியில் உள்ள எண் அசையாது. ஆனால் அந்த எண்வரிசை 1900-க்கு முன்னால் போகாது. ஆகவே 12/9/1750 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்கிறது. வரிசைப்படுத்தினால் 1761 முன்னும் 1698 பின்னும் வந்து நிற்கலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் பழைய ஆண்டுகளை ஏற்கும். அங்கே ஆபத்து வேறு. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் அதே 12/9/1750, டிசம்பர் 9 ஆகிவிடும். இங்கே தவறியது தோற்றம் அல்ல, மதிப்பே. பிறகு எந்த உருவுக்கு மாற்றினாலும் அது டிசம்பராகவே இருக்கும்.

கடலூர்க் கணக்கின் செப்டம்பர் 1-ஐத் தட்டிக் கிழமையைக் கேட்டுப் பாருங்கள். கால்க் செவ்வாய் என்று சொல்லும். 1582-க்குப் பிந்திய எல்லாத் தேதிகளையும் அது கிரிகோரியனாகவே எண்ணுகிறது. ஆங்கிலேயர் 170 ஆண்டு தாமதித்ததை அது அறியாது. செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு போரில் மாண்ட நாளாக நூல்கள் தரும் 1714 அக்டோபர் 3-க்கும் இதே சோதனை தேவை. புதிய கணக்கானால் அது புதன். ஆங்கிலேயரின் பழைய கணக்கானால் ஞாயிறு. கிரிகோரியனில் அக்டோபர் 14. எந்த மூலத்திலிருந்து எடுத்த தேதி என்று குறிக்காத அட்டவணையால் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தமிழ் வடிவத்துக்கு வருவோம். விண்டோஸ் 2000 முதல் தமிழ் எழுத்துகளும் தமிழ்நாட்டுக்குரிய தேதி அமைப்பும் கிடைக்கின்றன. பழைய ஆவணங்களில் நாள், மாதம், வருடத்தைக் குறித்த ௳, ௴, ௵ ஆகிய குறிகள் 2003-இல் யூனிகோடு 4.0-இல் இடம்பெற்றன. இருந்தும் எந்த இயங்குதளமும் தானாகத் தேதி காட்டும்போது அவற்றைப் பயன்படுத்துவதில்லை. உலகெங்கும் மென்பொருள்கள் பின்பற்றும் யூனிகோடின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் 1957-இல் இந்திய அரசு ஏற்ற சக நாட்காட்டி இருக்கிறது, ஹிஜ்ரி இருக்கிறது, தமிழ்ச் சூரிய நாட்காட்டி இல்லை. தமிழ்நாட்டு அரசாணைகளின் தலைப்பில் இடம்பெறும் திருவள்ளுவர் ஆண்டும் இல்லை. அந்தத் தொகுப்பில் தமிழுக்கான சுருக்கத் தேதி ஆண்டை இரண்டு இலக்கமாகக் குறைக்கிறது: 12/9/50. பீஜப்பூர்ப் படை செஞ்சியைப் பிடித்த 1649-ஐயும் அதற்கு நூறு, இருநூறு, முந்நூறு ஆண்டு பிந்திய ஆண்டுகளையும் 49 என்ற ஒரே எண்ணால் காட்டும் வடிவத்தை வரலாற்று வேலைக்கு ஏற்கவே கூடாது.

2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோட்டையின் தேதிகள் இனிப் பல மொழித் திரைகளில் வலம்வரும். பதிவு செய்பவர்கள் மூலத்தில் உள்ளதை எழுத்து மாறாமல் ஒரு பத்தியில் எழுத்தாகவே வைக்க வேண்டும். எந்த நாட்காட்டி என்பது அடுத்த பத்தி. கிரிகோரியனுக்கு மாற்றிய தேதியை, 1988-இல் ஐஎஸ்ஓ 8601 வகுத்தபடி, 1750-09-12 என ஆண்டை முன்னால் வைத்து எழுதினால் வெறும் எழுத்தாக இருந்தாலும் வரிசை கலையாது. கிழமையை மூலத்திலிருந்தே எடுத்துத் தனியே எழுத வேண்டும். கணினி கணக்கிட்டுத் தரும் கிழமை அதனுடன் பொருந்தாத இடமே மறுபடி ஏட்டைப் புரட்ட வேண்டிய இடம்.

1761 ஏப்ரல் 5 அன்று செஞ்சி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதற்குள் இரு தரப்பும் ஒரே நாட்காட்டிக்கு வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை, கால்க்கும் ஞாயிறு என்றே சொல்கிறது.