புகை கலைய எவ்வளவு நேரம்?



அடையாறு கடலொடு கலக்குமிடத்திற்குத் தெற்கே ஊரூர் ஒல்காட் குப்பம் உள்ளது. அங்கே கதவடைத்த ஒரு வீட்டினுள் ஊதுவத்தி ஒன்று சிறிது எரிந்து அணைகிறது. வெளியே மணற்பரப்பில் மற்றொன்று. காற்றோட்டம் சிறிதும் இல்லை என்று கொள்வோம். (அக்கடற்கரையில் அது நடவாத காரியம், கணிதத்திற்கு அவ்வுரிமை உண்டு.) உள்ளே புகை சீராகப் பரவிச் சமநிலை எய்தும். வெளியே சுவர் இன்மையால் மென்மேலும் மெலிந்துகொண்டே போகும். எத்துணை விரைவில்?

வாயு மூலக்கூறுகள் மோதி மோதிச் சமநிலையை நோக்கியே செல்லும் என்று 1872-இல் ஆஸ்திரிய நாட்டு லுட்விக் போல்ட்சுமன் காட்டினார். திசை தெரிந்தது, விரைவு தெரியவில்லை.

குப்பத்திற்கு அணித்தேயுள்ள மயிலாப்பூரில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் கப்பலேறியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1943-இல் அமெரிக்காவில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், நுண்துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருங்கே கணிக்கும் சமன்பாட்டை ஆராய்ந்தார். 1940-இல் டச்சு அறிஞர் கிராமர்ஸ் கையாண்டது அது. தொடக்கப் புகையை இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும். இத்தகையதை நேரியல் சமன்பாடு என்பர். சுவரற்ற வெளிக்குச் சந்திரசேகர் விடையை முழுமையாகவே எழுதிவிட்டார். நெடுநேரம் கழிந்தபின், காலம் நான்கு மடங்கானால் புகையின் அடர்த்தி எட்டில் ஒன்றாகும்.

அறையினுள்ளோ, எஞ்சிய சீரின்மை குறித்த கால அளவுதோறும் பாதியாகும். அந்த அளவு ஒரு நாழிகை என்க. முதல் நாழிகையிலிருந்து நான்காவது வரை இரண்டும் ஒன்றுபோலவே எட்டில் ஒன்றாகக் குறையும். பதினாறாம் நாழிகையில் வெளிப்புகை 64-இல் ஒரு பங்கு. அறையின் சீரின்மையோ 32,768-இல் ஒரு பங்கு! நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இது வீண் கணக்கன்று. பிற விண்மீன்களின் ஈர்ப்பினால், அவற்றினிடையே செல்லும் ஒரு விண்மீனின் வேகமும் உராய்வுபோலத் தணிகிறது என்று அதே 1943-இல் சந்திரசேகர் கண்டார். அவ்வுராய்வு இல்லையேல் கார்த்திகை போன்ற விண்மீன் கூட்டங்கள் விரைவிலேயே சிதறியிருக்கும்.

அறைக்குள் பாதிபாதியாகக் குறையும் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதை நிறுவுவதே கடினம். உராய்வும் மோதலும் துகளின் வேகத்தை மட்டுமே நேராகத் தொடுகின்றன. அது நிற்கும் இடத்தைத் தொடுவதில்லை. மூலையில் புகை குவிந்திருந்தும் வேகங்கள் மட்டும் சமநிலையில் இருந்துவிட்டால், அக்கணத்தில் உராய்வுக்கு வேலையே இல்லை! ஆயினும் துகள்கள் நகர்கின்றன. நகர்ந்ததும் வேகங்களின் ஒழுங்கு குலைகிறது. குலைந்ததும் உராய்வு மீண்டும் தொழிற்படுகிறது. வேகத்தில் நிகழும் தணிவு இவ்வாறே இடத்திற்கும் கைமாறுகிறது.

இக்கைமாற்றத்தை அளக்கப் பலர் உழைத்தனர். அதற்கான பொதுமுறையைப் பிரெஞ்சு நாட்டுச் செட்ரிக் வில்லானி 2009-இல் தனி நூலாக வகுத்தார். அடுத்த ஆண்டு நம் ஐதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் அவருக்குப் பீல்ட்ஸ் பதக்கம் அளிக்கப்பெற்றது. போல்ட்சுமனின் சமன்பாடு சமநிலையை அணுகும் விதம்பற்றி அவர் நிறுவியதும் அப்பரிசுக்கு ஒரு காரணம்.