இலங்கையின் உரோமப் போலி நாணயங்கள்

கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் உரோமச் செப்புக் காசுகளைப் பார்த்து உள்ளூரில் அடிக்கப்பட்ட சிறு காசுகள் இவை. ஏமாற்றப் பிறந்த கள்ளக் காசுகளாக இவற்றை ஒதுக்குவது பொருந்தாது; சில்லறைத் தட்டுப்பாட்டுக்குச் சந்தை தானே தேடிக்கொண்ட வழியாகவே தோன்றுகின்றன.

பிறநாட்டுக் காசைப் படியெடுக்கும் வழக்கம் மேற்கு இந்தியாவில் முன்பே இருந்தது. கிரேக்க மன்னர்களான அப்பல்லோடோட்டஸ், மெனாந்தர் ஆகியோரின் பழைய வெள்ளித் திரம்மாக்கள் கி.பி. 1ஆம் நூற்றாண்டிலும் பரூகச்சத் துறைமுகத்தில் புழங்கியதாகக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் கூறுகிறது. சத்திரப மன்னன் நகபானன் அந்தச் சாயலில், கிரேக்க எழுத்தோடு, தன் வெள்ளிக் காசுகளை வெளியிட்டான். நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 1906இல் கிடைத்த புதையலில் அவன் காசுகள் ஏறத்தாழ 13,250. அவற்றில் 9,000க்கு மேற்பட்டவற்றின்மீது சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சதகர்ணி தன் முத்திரையைக் குத்தியிருந்தான்.

இலங்கையில் உரோமக் காசு பற்றிய புகழ்பெற்ற பழஞ்செய்தி புத்தளம் கரையோடு இணைத்துப் பேசப்படுகிறது. செங்கடல் வரிக் குத்தகைக்காரர் அன்னியஸ் புளோகாமஸின் ஆள் ஒருவன், அடிமைத்தளை நீங்கியவன், காற்றில் அலைக்கழிந்து 15ஆம் நாள் ஹிப்புரோஸ் துறையில் கரையேறினான் என்கிறார் உரோம எழுத்தாளர் பிளினி. பொன்பரிப்புக்கு வடக்கே, முத்துச் சலாபக் கடலை ஒட்டிய குதிரைமலையே அத்துறை என்பர். அவனிடமிருந்த தெனாரியம் என்னும் வெள்ளிக் காசுகளில் பேரரசர் தலைகள் வேறுபட்டும் எடை ஒன்றாயிருந்ததைக் கண்டு இலங்கை மன்னன் வியந்தான். தூதர் நால்வரை உரோமுக்கு அனுப்பினான். பிளினி இதைக் கிளாடியஸ் காலத்தில் (41–54) வைக்கிறார். ஆனால் புளோகாமஸின் அடிமை லைசாஸ் எகிப்தின் பாலைவனப் பாறையில் பொறித்த எழுத்தின் ஆண்டு கி.பி. 6, ஆகவே காலக்கணிப்பில் ஐயம் எழுந்தது.

மன்னன் மெச்சிய வெள்ளி தீவில் அரிதாகவே கிடைக்கிறது. அக்கால உரோம வணிகம் பெரும்பாலும் தென்னிந்தியத் துறைகளோடு நின்றதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. திரளாகக் கிடைப்பவை பிற்காலச் செப்புக் காசுகளே. விரல் நகத்தளவான இவற்றோடு போலிகளும் கலந்து கிடக்கின்றன. மாத்தறை அருகே நைமனவில் கிடைத்த புதையலின் பெயரால் போலிகளில் ஒரு வகை அறியப்படுகிறது. பேரரசரின் தலை கோடுகளாகச் சுருங்கியிருக்கும். இலத்தீன் எழுத்துகள் பொருளற்ற கீறல்களாகிவிடும். பின்புறத்தின் படைவீரரும் சிலுவையும் மட்டும் ஓரளவு தப்பியிருக்கும். எழுத்தறியாத கையே அச்சை வெட்டியது என்பது பார்த்தவுடன் தெரியும். 1924இல் எச். டபிள்யூ. கொட்ரிங்டனின் இலங்கை நாணய நூலும், 2008இல் ரைன்ஹோல்ட் வால்புர்க்கின் ஆய்வும் இத்துறைக்கு அடிப்படையானவை.

கரூரிலும் மதுரையிலும் இதே காலத்து உரோமச் செப்புக் காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன, ஆர். கிருஷ்ணமூர்த்தி அவற்றை 1994இல் தனி நூலாக வெளியிட்டார். ஆகவே இலங்கைப் போலிகளைப் பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் பொதுவான சில்லறைப் புழக்கத்தோடு சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.