கதவைத் திறந்து வெச்சிருந்த கிழவர்: செயின்ட் ஐவ்ஸ் கதை

போன ஜூன் மாசம் நான் லண்டன்ல இருந்து ரயில் ஏறி செயின்ட் ஐவ்ஸ் போனேன். இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில, கார்ன்வால்ல இருக்கிற சின்ன ஊர். செயின்ட் எர்த் ஸ்டேஷன்ல இறங்கி வேற ரயில் மாறணும். போறவங்க வலது பக்கம் உட்காருங்க, கடல் அந்தப் பக்கம்தான். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் இங்கே வர்றது ரெண்டு விஷயத்துக்காக. ஒண்ணு பீச், இன்னொண்ணு ஓவியம். மீன் பிடிக்கிற ஊர்ல ஓவியம் எப்படி வந்துச்சு? அதைத் தேடித்தான் நானும் போனேன்.

பதில் மீன்லயே இருக்கு. பில்சர்ட்னு ஒரு மீன், நம்ம மத்தி வகையறா. மேட்டுல ஒருத்தர் நின்னு கடலையே பார்த்துக்கிட்டு இருப்பார். தண்ணி நிறம் மாறி மீன் கூட்டம் வர்றது தெரிஞ்சா, "ஹெவ்வா!"ன்னு கத்துவார். ஊரே படகை நோக்கி ஓடும். உப்புப் போட்டு பீப்பாய்ல அடைச்ச மீன் இத்தாலிக்குப் போச்சு. அங்கே தவக்காலத்துல இறைச்சி சாப்பிட மாட்டாங்க இல்லையா, அதான் அவ்வளவு கிராக்கி.

19-ஆம் நூற்றாண்டோட கடைசியில அந்த மீன் வரத்து குறைய ஆரம்பிச்சுது. பாய் தைக்கிற மாடிகளும் மீன் பதப்படுத்துற கிடங்குகளும் ஒண்ணொண்ணா காலியாச்சு. 1877-லயே ரயில் வந்தாச்சு. ஓவியர்கள் வந்து பார்த்தா, குறைஞ்ச வாடகை, பெரிய கூடம், வடக்கு பார்த்த ஜன்னல். நேரடி வெயில் விழாத வடக்கு வெளிச்சம் ஓவியருக்கு வரம். 1884 வாக்குல விஸ்லர் வந்துட்டுப் போனார். 1890-ல ஆர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சாச்சு. அதாவது, ஒரு தொழில் நொடிஞ்ச இடத்துலதான் கலை குடியேறிச்சு. டூரிஸ்ட் புத்தகங்கள் இதை அழுத்திச் சொல்றதே இல்லை.

இப்போ ஆல்ஃப்ரெட் வாலிஸ். 1855-ல பிறந்தவர், கடலுக்குப் போனவர், அப்புறம் இந்த ஊர்ல பழைய கயிறு, இரும்பு வாங்கி விக்கிற கடை வெச்சிருந்தார். 1922-ல மனைவி இறந்துட்டாங்க. தனிமை தாங்க முடியாம, எழுபது வயசு வாக்குல வரைய ஆரம்பிச்சார். கான்வாஸ் எல்லாம் இல்லை. கடைக்காரர் குடுத்த அட்டைப்பெட்டியை வெட்டி, படகுக்கு அடிக்கிற பெயின்ட்ல வரைஞ்சார். அவருக்கு எது முக்கியமோ அது பெருசா இருக்கும். கப்பல் பெருசு, வீடு சின்னது. அவர் வரைஞ்சது பாய்மரக் காலம். அது கண்ணு முன்னால மறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

1928 ஆகஸ்ட்ல பென் நிக்கல்சன், கிறிஸ்டஃபர் வுட்னு ரெண்டு இளம் ஓவியர்கள் போர்த்மியர் பீச்ல இருந்து திரும்பி வரும்போது, ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு. உள்ளே சுவர் பூரா ஆணி அடிச்ச படங்கள். அன்னிக்கு அந்த ரெண்டு பேரோட ஓவியமும் திசை மாறிச்சு. இங்கிலாந்து நவீன ஓவியத்துல செயின்ட் ஐவ்ஸுக்கு ஒரு இடம் கிடைச்சதுக்கு அந்தக் கதவும் ஒரு காரணம்.

வாலிஸுக்கு என்ன கிடைச்சுது? படத்துக்குச் சில ஷில்லிங். அவரை ஏமாத்திட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நண்பர்களுக்குப் பரிந்துரை பண்ணாங்க, வாங்க வெச்சாங்க. ஆனா 1941-ல முடியாமப் போய் மேட்ரன்ல இருந்த ஏழைகள் விடுதியில சேர்ந்தார். அங்கேயும் வரைஞ்சார். 1942-ல அங்கேயே இறந்தார். அநாதைப் பிணமா அடக்கம் ஆகாம நண்பர்கள் பார்த்துக்கிட்டாங்க.

1993-ல அதே போர்த்மியர் பீச் எதிர்ல, பழைய கேஸ் தொழிற்சாலை இருந்த இடத்துல, டேட் மியூசியம் வந்துச்சு. நான் போன அன்னிக்கு உள்ளே நல்ல கூட்டம். வெளியே வந்து டவுனலாங்னு சொல்ற பழைய மீனவர் தெருக்கள்ல சுத்தினேன். கல் வீடுகள், அழகான சந்துகள். ஆனா கதவுக்குக் கதவு பக்கத்துல நம்பர் போட்டுத் திறக்கிற சின்ன சாவிப்பெட்டி. வாரக் கணக்குல வாடகைக்கு விடுற வீடுகள். ஜன்னல்ல அலங்காரத்துக்கு மரப்படகு இருக்கு, ஆள் இல்லை.

ஊர்க்காரங்க சும்மா இருக்கலை. 2016-ல வாக்கெடுப்பு நடத்தி, புதுசா கட்டுற வீடு நிரந்தரமா குடியிருக்கிறவங்களுக்குத்தான்னு முடிவு பண்ணாங்க. எண்பது சதவீதத்துக்கு மேல ஆதரவு. ஆனா பாருங்க, விதி புது வீட்டுக்கு மட்டும்தான். நான் நடந்த அந்தப் பழைய தெருக்களை அது தொடாது. காலியான மாடியில குறைஞ்ச வாடகைக்கு வந்த ஓவியர்னு ஒருத்தர் இன்னிக்கு இங்கே வர முடியுமான்னு யோசிச்சேன்.

ஒரு ஆறுதல். போர்த்மியர் ஸ்டூடியோஸ்னு ஒரு பழைய கட்டடம். கீழே மீனவர்கள் இன்னும் வலை வேலை பாக்குறாங்க, மேலே ஓவியர்கள். நான் போனப்போ கீழ்க் கதவு பாதி திறந்திருந்துச்சு, தார் வாசனை வந்துச்சு.

கடைசியா, டேட் பின்னாடி ஏத்தத்துல இருக்கிற பார்னூன் கல்லறைத் தோட்டம். வாலிஸ் அங்கேதான் இருக்கார். கல்லறை மேல பெர்னார்ட் லீச் செஞ்ச சுட்ட மண் ஓடுகள். 1920-ல இதே ஊர்ல மட்பாண்டக் கூடம் ஆரம்பிச்சவர் அவர். ஓட்டுல ஒரு பெரிய கலங்கரை விளக்கம், அதோட வாசல்ல ஒரு குட்டி மனுஷன். அங்கே நின்னா கீழே மியூசியம் கூரை தெரியும், அதுக்கு அப்பால பீச், அலைச்சறுக்கு விளையாடுற பசங்க. ரயிலுக்கு நாப்பது நிமிஷம்தான் இருந்துச்சு. அதுல அரை மணி நேரம் நான் அங்கேயே உட்கார்ந்துட்டேன்.