உப்பு வழியில் போன காவடி

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கின்றன. பாதயாத்திரை போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மலையேறித் தண்டாயுதபாணியைத் தொழுததும் பயணம் முடிந்துவிடும். வீட்டுக்குப் பஸ் ஏறலாம். நகரத்தார் காவடிகளோ நடந்தே ஊர் திரும்புகின்றன. நேர்த்திக்கடன் ஒன்றுதான் காரணம் என்றால் இந்தத் திரும்புநடைக்கு வேலையே இல்லை. சரக்கோடு போய்க் கணக்கோடு திரும்பிய வியாபாரியின் நடை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் வாதம்.

பழனியில் நகரத்தார் காத்துவந்த பழைய ஆவணங்கள் 17ஆம் நூற்றாண்டில் அங்கே உப்பு விற்கப் போன குமரப்பன் என்பவரைப் பற்றிப் பேசுகின்றன. நகரத்தார் லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எடுத்து வைத்தார்கள். வியாபாரம் வளர வளரத் திருப்பணியும் வளர்ந்தது. நகரத்தாரின் தொழில் வரலாற்றை 1994இல் நூலாக்கிய டேவிட் ரட்னரும் இந்த ஆவணங்களிலிருந்தே கதையைத் தொடங்குகிறார். கோயில் உரிமைக்காகச் சாதியார் தாங்களே எழுதி வைத்துக்கொண்டதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெருமைக்காகப் புனைகிறவர்கள் மூதாதையை மன்னனின் மந்திரியாக்குவார்களே தவிர, உப்பு மூட்டையோடு ஊர் ஊராய் அலைந்தவராக்க மாட்டார்கள்.

காவடி இடும்பன் கதையில் பிறந்தது, எல்லாச் சாதியாரும் எடுப்பது. அதில் வணிகத்தைத் தேடலாமா என்பது அடுத்த மறுப்பு. காவடி எல்லோருக்கும் பொது, மறுக்கவில்லை. நான் சொல்வது வழியையும் ஒழுங்கையும் பற்றி. பிற்காலத்தில் நகரத்தார் உப்பை விட்டு வட்டித்தொழிலுக்கு மாறிக் கப்பலேறினார்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் நத்தம் வழியாகப் போக வேண்டியதில்லை. ஆனாலும் பழனியாண்டவரைக் கூடவே கொண்டுபோனார்கள்: சிங்கப்பூரில் 1859இல் அவர்கள் எழுப்பிய கோயிலின் மூலவரும் தண்டாயுதபாணியே. ஊரில் ரயில் வந்தது, பஸ் வந்தது, பழனி மலையேற 1966இல் விஞ்ச்சும் வந்தது. தொழிலுக்கு வேண்டாமற்போன பாதையை வழிபாடு விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பாதையின் கணக்குப்படி மலையுச்சி பாதி வழிதான். ஊர் வந்து சேர்ந்தால்தான் வரவுசெலவு நேராகும்.