முந்நூறு கோடி எழுத்துக்கு ஒரு பேரேடு

பி.காம் படிக்கிறவனுக்கு மரபணுவில் என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. வருடம் முழுக்கக் குறிப்பேட்டில் வரவு செலவு எழுதி வைத்தாலும் கடை லாபத்தில் ஓடுகிறதா என்று தெரியாது. பேரேட்டில் எடுத்தெழுதி, இருப்பாய்வு போட்டால்தான் கணக்கு பேசும். 2000-இல் மனித ஜீனோமுக்கும் இதே சிக்கல்தான் வந்தது.

ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்து. நீளம் சுமார் 300 கோடி. இதைப் படிக்க ஒரு பக்கம் அரசுப் பணத்தில் நடந்த பொதுத் திட்டம், மறு பக்கம் கிரெய்க் வென்ட்டரின் செலரா நிறுவனம். செலரா தன் தகவலைச் சந்தாவுக்கு விற்றது. பொதுத் திட்டத்திடம் இருந்தவை சுமார் 4 லட்சம் துண்டுகள். கோத்து முடிக்கும் வேலை பாக்கி.

அதைச் செய்தவர் ஜிம் கென்ட். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் 40 வயதில் ஆராய்ச்சி மாணவர்! அதற்கு முன் அனிமேஷன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். விண்டோஸ் 95-க்கு நிரல் எழுதுவோருக்கான விளக்கங்களே 12 சிடி வந்தன, மனித ஜீனோம் ஒரே சிடியில் அடங்கும், அதனால்தான் உயிரியலுக்கு வந்தேன் என்பாராம். 4 வாரம் இரவு பகலாக நிரல் எழுதினார். மணிக்கட்டு வலிக்குப் பனிக்கட்டி ஒத்தடம். 100 பென்டியம் கணினிகளில் ஓட்டி, ஜூன் 22 அன்று செலராவைச் சில நாளில் முந்தினார். ஜூலை 7 அன்று எல்லாம் இணையத்தில், இலவசமாக.

இந்தப் பந்தயக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த வேலை. 300 கோடி எழுத்தைத் தரவிறக்கி யார் என்ன செய்வது? ஒரு புழுவின் மரபணுக்களைப் பார்க்கத் தான் முன்பே எழுதியிருந்த நிரலை விரித்து, கென்ட் யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசரை உருவாக்கினார். மேலே ஓர் அளவுகோல். கீழே வரிவரியாகத் தடங்கள்: மரபணு எங்கே, எலியிலும் மாறாமல் இருக்கும் பகுதி எது, ஆளுக்கு ஆள் மாறும் எழுத்து எது. புரதத்துக்கான பகுதி தடித்த பெட்டி, இடைப்பட்டது மெல்லிய கோடு. பெரிதாக்கினால் ஒற்றை எழுத்து வரை போகலாம், சுருக்கினால் முழு குரோமோசோமும் ஒரே திரையில்.

(இதே காலத்தில் இங்கிலாந்தில் என்செம்பிளும் வளர்ந்தது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.)

வணிகவியல் மாணவனாக எனக்குப் பிடித்தது இதன் உரிம விதி. இணையத்தில் பார்க்க யாருக்கும் காசில்லை. மென்பொருளைத் தன் கணினியில் நிறுவ விரும்பும் கம்பெனி மட்டும் பணம் கட்ட வேண்டும். பக்கத்துக் கடையில் இலவசமாகக் கிடைப்பதை எத்தனை நாள் விற்க முடியும்? 2005-இல் செலரா சந்தாவை நிறுத்தித் தன் தகவலையும் பொதுவில் விட்டது. 2000-இல் விட்டுப்போன இடைவெளிகள் 2022-இல்தான் அடைபட்டன. அந்த வரிசைக்கும் இதே பிரவுசரில் பக்கம் உண்டு.

தேடல் பெட்டியில் சிஎஃப்டிஆர் என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். கெட்டால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வரும் மரபணு. 7-ஆம் குரோமோசோமில் சுமார் 1,89,000 எழுத்து நீளம். புரதத்துக்குப் போவது சுமார் 4,400 எழுத்துதான். 27 குட்டிப் பெட்டிகள், நடுவில் நீள நீளமான கோடுகள். எனக்கு இரண்டு இரவு இதிலேயே போனது, காஸ்ட் அக்கவுண்டிங் அப்படியே கிடக்கிறது.