கற்சுவரில் ஒரு சம்பளப் பட்டியல்

திருவண்ணாமலைக்கு வரும் யாத்ரிகர், கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி உயரக் கீழைக் கோபுரத்தின் பதினொரு நிலைகளையும் அண்ணாந்து பார்த்து, அம்மன்னருடைய ஔதாரியத்தை வியந்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்; சோழரும் ஹொய்சளரும் விஜயநகரத்தாரும் சுவர்களில் வெட்டுவித்துச் சென்ற வரிகளின்முன் நிற்பவர் அபூர்வம். நின்று படித்தால், அரசனுடைய மெய்க்கீர்த்தி முடிந்த மாத்திரத்தில், தானம் எந்த நிலம், நெல் எவ்வளவு, எந்தக் கைங்கரியத்துக்கு அது சேரும் என்று கணக்குத் தொடங்கிவிடுவதைக் காணலாம். பக்திப் பிரகடனங்களென்று நாம் போற்றும் சாசனங்களில் கணிசமான பகுதி, என் அபிப்பிராயத்தில், படித்தரமும் சம்பளப் பட்டியலுமேயாகும்.

இம்முறையின் பூரண வடிவத்தைக் காணத் தஞ்சைக்குத்தான் போக வேண்டும். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராஜராஜன் பெரிய கோயிலில் பொறித்த சாசனமொன்று, கோயிலின் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்களை, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை சொல்லிப் பெயர் பெயராக எழுதி, ஆளுக்கு ஒரு பங்காக, ஆண்டுக்கு 100 கலம் நெல் விதிக்கிறது. கணக்கரும் வண்ணாரும் நாவிதரும் தையற்காரரும் தச்சரும் தட்டாரும் அதே சாசனத்தில் தத்தம் பங்கோடு வருகிறார்கள். கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி என்று பெருக்கிப் பார்த்தால், நாளொன்றுக்கு 26 நாழிக்குச் சற்று மேலே வரும். பங்குடையவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். தமக்குத் தகுதியில்லையேல், தகுதியுள்ள வேறொருவரை இட வேண்டும். வாரிசு வேலை கேட்டு மனுப்போடும் நம் காலத்தவர் இவ்விதியைக் கண்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நெல்லைத் தவிர நிவேதன அன்னத்திலும் ஊழியருக்குப் பங்குண்டு. மடைப்பள்ளியில் வடித்து ஸ்வாமிக்குக் காட்டிய சோறு, உரிமைப்படி பட்டை பட்டையாக அவரவர் வீட்டுக்குப் போயிற்று. இதையெல்லாம் ராமராஜ்யமென்று புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஊழிய மானியமாக நிலத்தைப் பெற்றவனுக்கு அந்த நிலமே சம்பளம். மழை பொய்த்தால் சம்பளமும் பொய்த்தது. ஆனால் ஆறுகாலப் பூஜை நிற்குமா? மேளம் வாசித்தே ஆக வேண்டும், விளக்கேற்றியே ஆக வேண்டும்; பஞ்சத்தின் நஷ்டம் தானம் செய்தவனுக்குமில்லை, தேவஸ்தானத்துக்குமில்லை, ஊழியனுக்கே.

ஆலைத் தொழிலாளிக்கு 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானவர் வேலை செய்யுமிடத்தில் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் கூலி தர வேண்டுமென்று நாள் குறித்தது. கோயிலில் மாறுதல் மெதுவாகவே வந்தது. 1925, 1951, 1959-ஆம் ஆண்டுகளின் அறநிலையச் சட்டங்கள் வரவுசெலவையும் நியமனத்தையும் படிப்படியாக அரசின் கண்காணிப்புக்குள் கொணர்ந்தன; 1963-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு இனாம்களை ஒழித்து நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. மரக்கால் போய், சம்பளப் பட்டியும் ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் கையொப்பமும் வந்தன. பழமையில் ஒன்றுமட்டும் பிழைத்தது: கோயிற் கணக்கு இன்றும் ஜூலை முதல் தேதி பிறக்கும் பசலி ஆண்டையே பின்பற்றுகிறது.

பரம்பரை உரிமைதான் கடைசியாக விழுந்தது. அர்ச்சகர் நியமனத்தில் வாரிசு முறையை நீக்கிய 1971-ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்குக்குப் போயிற்று. அர்ச்சகரை நியமிப்பது லௌகிக காரியமே என்று கூறி, 1972-இல் சுப்ரீம் கோர்ட் அதனை நிலைநிறுத்தியது.