பாகவதரின் அப்பீல்

ஊத்துக்கோட்டையில் ஒரு டீக்கடை. 'ஹரிதாஸ்' பற்றிப் பேச்சு வந்தபோது பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்: "பாகவதர் பாட்டைக் கேட்டுட்டு லண்டன்ல வெள்ளக்காரனே விடுதலை பண்ணிட்டான் சார்." நான் மறுத்துப் பேசவில்லை. வரலாற்றைவிட ஐதீகம் நமக்கு எப்போதுமே சௌகரியமானது. ஆனால் இந்த ஐதீகம் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது.

லண்டன் பாகவதரை விடுதலை செய்யவில்லை.

'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சென்னை ஹைகோர்ட்டில் ஜூரி விசாரணை. 1945 மே மாதம் தியாகராஜ பாகவதருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஸ்ரீராமுலு நாயுடுவுக்கு விடுதலை. அக்டோபரில் அப்பீல் தள்ளுபடி.

இந்த அப்பீலே அன்றைக்குப் புதுசு. ஹைகோர்ட்டே நேரடியாக ஜூரி வைத்து விசாரித்த வழக்கில், சாட்சியத்தை மறுபடி எடைபோடக் கேட்கும் உரிமை முன்பு கிடையாது. சட்டப் பிரச்னை ஏதாவது இருக்கிறதென்று நீதிபதியோ அட்வகேட் ஜெனரலோ ஒப்புக்கொண்டால்தான் உண்டு. கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ பிரிவு சேர்ந்தது 1943இல். கொலை இரண்டு வருஷம் முந்தி நடந்திருந்தால் பாகவதருக்கு அந்த வழியும் இல்லை.

அதற்குமேல் பிரிவி கவுன்சில். கிரிமினல் விவகாரங்களில் அது பொதுவாகத் தன்னை அப்பீல் கோர்ட்டாக நினைத்ததில்லை. தீர்ப்பு தவறு என்பது போதாது. நியாயத்தின் முறையே குலைந்திருக்க வேண்டும் என்று 1914இல் இப்ராஹிம் வழக்கில் சொல்லிவிட்டது. பாகவதர் வழக்கிலும் அது செய்தது இவ்வளவுதான்: அப்பீலை மறுபடி விசாரியுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் விடுதலை செய்தவர்கள் சென்னை நீதிபதிகள் ஹாப்பெல்லும் ஷஹாபுதீனும். குரலுமில்லை, கருணையுமில்லை, நடைமுறை. அந்த நடைமுறையின் கதவைத் தட்டப் பணம் வேண்டியிருந்தது, அவர்களிடம் இருந்தது. போன காலத்தை நடைமுறை திருப்பித் தரவில்லை. 1948இல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை.

1949இல் பிரிவி கவுன்சில் தொடர்பு அறுந்தது. கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப் பிழைக்கு மேல் எதையும் கோர்ட் தொடக்கூடாது என்ற விதி 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டில் மறுஆய்வு மனு போடலாம், 30 நாளுக்குள். பெரும்பாலும் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளே தங்கள் அறையில் வைத்துப் படித்துப் பார்ப்பார்கள். வக்கீல் பேச முடியாது. 2014இல் தூக்குத் தண்டனைக்கு மட்டும் திறந்த கோர்ட்டில் கேட்பது என்றானது. ஆயுள் கைதிக்கு அது இல்லை. 2002இல் வந்த குறைதீர் மனு இன்னும் குறுகல்.

வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். இல்லையென்றால் செத்தவன் வீட்டாருக்கு நிம்மதி ஏது? ஆனால் முடிவு வேறு, உண்மை வேறு. லட்சுமிகாந்தன் வழக்கு முடிந்தது. யார் செய்தது என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

பெரியவருக்குச் சினிமா ஒரு சாக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் அக்கா மகன் ஆயுள் கைதி. மூன்று கோர்ட்டிலும் தோற்றாகிவிட்டது.

"டெல்லியில இன்னொரு தரம் கேப்பாங்களா சார்?"

கேட்க மாட்டார்கள், படிப்பார்கள் என்றேன். பெரியவர் தலையாட்டினார். வித்தியாசம் அவருக்குப் புரிந்துதான் இருந்தது.